எத்தியோப்பியாவில் தன்னார்வப் பணி: அனுப்பிய நிறுவனத்தின் சேவை குறித்து

எத்தியோப்பியாவில் இரண்டு மாதம் ஆங்கிலம் கற்பிக்க என்னை அனுப்பிய தன்னார்வ நிறுவனம், தங்குமிடத்திலும் பள்ளியுடனான ஏற்பாட்டிலும் குறை வைக்கவில்லை. ஆனால் ஊரின் வாழ்க்கையே தேவாலயத்தைச் சுற்றி அமைந்திருக்க, அதைப் பற்றி அவர்கள் தந்த கையேட்டில் ஒரு வரிகூட இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. புதன், வெள்ளிக் கிழமைகளில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, பால், முட்டை உண்பதில்லை என்பது தெரியாமல், நோன்பிருந்த ஆசிரியைகளிடம் அவித்த முட்டையை நீட்டி வருந்தினேன்.

முதல் ஞாயிறு விடியும் முன்பே பக்கத்து வீட்டு அம்மையார், நெத்தலா என்னும் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை என் தலையில் போர்த்தி தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். காலணியைக் கழற்றிவிட்டுப் பெண்கள் பக்கத்தில் நின்றேன். பழைமையான கீயஸ் மொழியில் மணிக்கணக்கில் நீண்ட வழிபாட்டில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், கெபரோ முரசின் நிதானமான அடிக்கேற்ப வெண்ணுடைப் பாடகர்கள் நீண்ட கைத்தடிகளை உயர்த்தித் தாழ்த்தி அசைந்தபோது என் கண்கள் கலங்கின. நான் கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கண்ட ஒரு மூதாட்டி, தாம் சாய்ந்திருந்த ஊன்றுகோலை எனக்குத் தந்தார்.

கையேட்டில் அந்தக் குறை இருந்தாலும், இந்த நிறுவனத்தின் சேவையை நான் பரிந்துரைக்கிறேன். செல்பவர்கள், பெரும்பாலும் ஜனவரி 19 அன்று வரும், இயேசுவின் திருமுழுக்கை நினைவுகூரும் திம்கத் திருவிழாவை உள்ளடக்கிய காலத்தைக் கேட்டுப் பெறுங்கள்.