சிலாப் கம்பி: மென்பொருள் தரும் மொமென்ட்டை எப்படிக் கம்பியாக்குவது?

பெருமாள்புரத்து வீடோ, கங்கைகொண்டான் சிப்காட்டில் எழும் கட்டடமோ, கான்கிரீட் தளத்தை ஈடாப்ஸ், சேஃப் போன்ற கட்டமைப்பு மென்பொருளில் ஏற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாடல் ஓடிவிடும், மொமென்ட்டின் (தளத்தை வளைக்கும் விசையின் அளவு) வண்ணப் படமும் வந்துவிடும். அதை வைத்து எத்தனை எம்.எம். கம்பி, என்ன இடைவெளி என்று முடிவு செய்வதில்தான் ஆளுக்கொரு வழி.

ரொம்பப் புழங்கும் குறுக்குவழி இது: எக்ஸ் மொமென்ட்டுக்கு ஒரு திசைக் கம்பி, ஒய் மொமென்ட்டுக்கு மறுதிசைக் கம்பி. தளத்தைத் திருகும் முறுக்கு மொமென்ட்டின் படத்தைத் திறப்பதே இல்லை. இதை என்னால் ஏற்க முடியாது. நாலு பக்கமும் சும்மா தாங்கிய (ஓரம் இறுகாமல் வெறுமனே உட்கார்ந்த) சதுரத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அமுக்கினால் குறுக்கே விரியும் பங்கு) 0.2 என்றால், நடு மொமென்ட் ஏறக்குறைய 0.044 × சுமை × நீளத்தின் வர்க்கம். முறுக்கே இல்லாமல் இரண்டு திசைப் பட்டைகளும் பாதிப் பாதி சுமந்தால் அதுவே 0.0625. நடுவில் குறைந்ததை மூலைப் பக்கத்து முறுக்கு சுமக்கிறது. குறைந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைத்துக் கொடுத்த முறுக்கைக் கைகழுவினால் கணக்கு எப்படி நிற்கும்? கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456:2000-மே இதில் கறார்தான். மூலை மேலெழாமல் பிடித்து முறுக்குக் கம்பியும் போட்டால் அட்டவணை 26-இல் அந்தப் பெருக்கெண் 0.056, மூலை பிடிக்கப்படாவிட்டால் அட்டவணை 27-இல் 0.062.

முறுக்கையும் சேர்த்துக்கொள்ளும் வழி வுட்–ஆர்மர். வுட், ஆர்மர் என்ற இருவரின் பெயரில் 1968-இல் வந்தது, இன்றும் இதுதான் நேர்மையான கணக்கு. அடிக்கம்பிக்கு இரு திசை மொமென்ட்டோடும் முறுக்கின் அளவைக் கூட்டவேண்டும், மேல்கம்பிக்குக் கழிக்கவேண்டும் (கழித்து மைனஸ் வந்தால்தான் மேல்கம்பி). ஓரிடத்தில் எக்ஸ் 12, ஒய் 8, முறுக்கு 5 கிலோநியூட்டன்-மீட்டர் என்றால், அடிக்கம்பி 17-க்கும் 13-க்கும். 125 மி.மீ. தளம், எம்25 கான்கிரீட், எஃப்இ500 கம்பி, 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) என்று வைத்தால், 12-க்கு 8 எம்.எம். கம்பி 170 மி.மீ. இடைவெளியில் போதும், 17-க்கு 115-க்கு வந்துவிடும். சின்ன வித்தியாசமா என்ன?

மூலையில் இன்னும் சுவாரசியம். எக்ஸும் ஒய்யும் அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், முறுக்கு மட்டும் உச்சம். அதனால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு கம்பி வரும். "எதுக்கு சார் மூலைல இம்புட்டு கம்பி, அங்க யாரு நடக்கப் போறா?" என்று கம்பி கட்டுபவர் கேட்கத்தான் செய்வார். ஐ.எஸ். 456-உம் கையால் போடும் கணக்கில் அதையே கேட்கிறது: குறுகிய நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை, மேலே இரண்டு கீழே இரண்டு என நாலு அடுக்கு, ஒவ்வொன்றிலும் நடுக்கம்பியில் முக்கால் பங்கு.

வுட்–ஆர்மரின் தொல்லை தூண் தலையில். எலிமென்ட்டை (மாடலில் தளத்தைப் பிரிக்கும் கட்டத்தை) சிறிதாக்கச் சிறிதாக்க அங்கே உச்சம் ஏறிக்கொண்டே போகும். அந்த ஒற்றைப் புள்ளிக்குக் கம்பி போட்டால் கான்கிரீட் இறங்க இடம் இருக்காது.

அங்கே பட்டை முறைதான் கைகொடுக்கும். தூணின் இரு புறமும் குறுக்கு நீளத்தில் கால் பங்கு (ஆனால் அந்தத் திசை நீளத்தின் கால் பங்குக்கு மிகாமல்) அகலம் எடுத்து, அதற்குள் வரும் மொத்த மொமென்ட்டைப் பரப்பிவிட்டால் உச்சம் அடங்கிவிடும். வரிசையாகத் தூண் நிற்கும் ஃபிளாட் சிலாப்புக்கு (உத்தரம் இல்லாமல் தூண்மேல் நேராக உட்காரும் தளம்) என் ஓட்டு இதற்கே. ஆனால் பட்டை முறை முறுக்கைக் கம்பிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோணலான தளத்தில் அதை நம்பக்கூடாது.

வீட்டுத் தளம், ஒழுங்கான செவ்வகம் என்றால் அட்டவணை 26 போதும், மென்பொருள் சரிபார்க்க மட்டும். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் போகும் ஒடுங்கிய தளங்களில் அதுகூட வேண்டாம், ஒருதிசைத் தளம்தான்.

ரோடு வளைவில் சிக்கிய கோணல் மனைக்கு வுட்–ஆர்மர்தான். ஒரு மீட்டர் அகலத்துக்குச் சராசரி எடுத்துக்கொள்வேன். முதலில் எலிமென்ட்டின் உள் அச்சைக் கம்பி போகும் திசைக்குத் திருப்ப வேண்டும். கம்பிகளே செங்குத்தில்லாமல் சாய்வாகக் குறுக்கிட்டால் மேலே சொன்ன கூட்டல் கழித்தல் செல்லாது. அதற்கான ஆர்மரின் சாய்வுச் சூத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.