பல் டாக்டர் நாற்காலியில் பாட்டா, ஊசியா?

ரூட் கெனாலுக்காக நாற்காலியில் சாய்ந்தபோது ஸ்பீக்கரில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. டிரில் கிளம்பியதும் வீணை போன இடம் தெரியவில்லை. அடுத்த சிட்டிங்குக்கு என் இயர்போனையே எடுத்துப் போனேன்.

காத்திருக்கும் அறைக்கு ஸ்பீக்கர் சரி. நாற்காலியில் ஏறிவிட்டால் இயர்போன்தான்: பாட்டும் நம்முடையது, சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில். ஆனால் அதிலும் டிரில் முழுதாக மறையாது. அதன் அதிர்வு பல், தாடை எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடுகிறது. அப்புறம், இரண்டு காதிலும் மாட்டினால் டாக்டர் "கடிங்க", "துப்புங்க" என்பது கேட்காது. ஒரு காதில் மட்டும் மாட்டுவதே என் கட்சி. வலித்தால் இடது கையைத் தூக்குவேன் என்று முன்பே சொல்லிவிடலாம்.

சரி, பாட்டு இருந்தால் மரப்பு ஊசியே வேண்டாமா? வேண்டாம் என்றுதான் 1960-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் வாலஸ் கார்ட்னரும் ஒலியை ஆராய்ந்த உளவியலாளர் லிக்லைடரும் எழுதினார்கள். (பின்னாளில் இணையத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரும் இந்த லிக்லைடர்தான்.) ஹெட்போனில் இசை, கூடவே அருவி கொட்டுவது போன்ற இரைச்சல், வலி வரும்போல் தோன்றினால் நோயாளியே இரைச்சலைக் கூட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு மரப்பு மருந்தே தேவைப்படவில்லையாம். 1963-ல் வலியை ஆராய்ந்த உளவியலாளர் மெல்சாக்கின் குழுவினர் ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி இதைச் சோதித்தார்கள். சத்தம் தனியாகப் பலிக்கவில்லை. "இது வலியைக் குறைக்கும்" என்று அடித்துச் சொன்னதும் தனியாகப் பலிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது ஆட்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள்.

பல் டாக்டர் போடும் மரப்பு மருந்தான லிடோகெயின் ஊசிக்கு உங்கள் நம்பிக்கை தேவையில்லை. நரம்பில் வலி ஏறும் வழியையே மறித்துவிடும். சீழ் கட்டிய பல்லில் அதுவே சில சமயம் தடுமாறும், பாட்டு என்ன செய்யும்? மூக்கு வழியே இழுக்கும் சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடு) பதற்றத்துக்கு நல்லதுதான், எல்லா கிளினிக்கிலும் கிடையாது.

பாட்டுக்கு உண்மையான வேலை ஊசி குத்தும் அந்த அரை நிமிடத்திலும், அது ஏறும்வரை காத்திருக்கும் சில நிமிடங்களிலும்தான். புதுப் பாட்டு வேண்டாம். அடுத்த வரி என்னவென்று மனதுக்குத் தெரிந்த பழைய பாட்டாக இருக்கட்டும். எனக்கு இரண்டாவது சரணம் தொடங்கும்போது கீழுதடு தடித்துப்போயிருந்தது.