சுங்கை சிப்புட் பக்கம் காடிக்கு (மின்சாரக் காருக்கு) சார்ஜர் மாட்டப் போகிறவர்களே, பாரம் (படிவம்) கேளுங்கள்

மகன் மின்சாரக் காடி எடுத்ததும் வீட்டிலேயே சார்ஜர் மாட்ட ஆள் தேடினேன். எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் ஒரு நம்பர் வந்தது. "நம்ம ஆளுதான், தோட்டத்துப் பையன்" என்றார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை.

தம்பி வந்தார். மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "22 கிலோவாட் பெட்டியே போட்டுடலாம் அண்ணே, சீக்கிரம் ஏறும்" என்று 4,800 வெள்ளி ரொக்கமாக வாங்கிக்கொண்டார். எங்கள் வீடு சிங்கிள் ஃபேஸ், ஒருமுனை மின்சாரம்தான் வருகிறது. 32 ஆம்பியரில் ஏழு கிலோவாட் சொச்சம்தான் வரும். 11, 22 எல்லாம் மும்முனை மின்சாரம் வரும் திரீ ஃபேஸ் வீட்டுக்கு. பெரிய பெட்டிக்கான காசைக் கொடுத்துச் சின்னப் பெட்டியின் வேலையை வாங்கியிருக்கிறேன்.

"கரண்ட் கம்பெனி தெனாகாவுக்கு ஏதாவது பாரம் கொடுக்கணுமா தம்பி?" என்று கேட்கத்தான் செய்தேன். "அதெல்லாம் காசுக்கு சார்ஜ் போட்டுத் தர்றவங்களுக்கு அண்ணே" என்றார். பாதி உண்மை. சொந்த வீட்டில் சொந்தக் காடிக்கு, காசுக்கு சார்ஜ் போடுகிறவர்களுக்கான லைசென்ஸ் வேண்டாம்தான். மீதிப் பாதியைச் சொல்லவில்லை.

முதல் வாரமே மெயின் பெட்டி சுவிட்ச் தானாக அடிக்கடி விழுந்து கரண்டை வெட்டியது. கூப்பிட்டேன். "சுவிட்ச் வீக்" என்று ஐந்து நிமிடத்தில் வேறொன்று மாற்றினார், அதற்கு ஐம்பது வெள்ளி. அப்புறம் விழவே இல்லை. எனக்குச் சந்தோஷம்.

மூன்றாவது வாரம், விடிகாலை இரண்டு மணிக்கு நாற்றம். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். போர்ச் சுவரில் ஓடும் வெள்ளைக் குழாயைத் தொட்டேன், விரல் பதிந்தது. அவ்வளவு இளகியிருந்தது. மெயினை அடைத்துவிட்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஈப்போவிலிருந்து வந்த மின்வேலைக் குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) பெட்டியைத் திறந்ததும் தலையில் கை வைத்தார். தம்பி தனி வயர் இழுக்கவே இல்லை. முன்னறை ஏர்கோனுக்குப் போகும் 2.5 மில்லி வயரிலேயே கொக்கி போட்டிருக்கிறார். அதற்கு 20 ஆம்பியர் சுவிட்ச் இருந்தது, அது விழுந்தது, விழத்தான் வேண்டும். அதைக் கழற்றி 32 போட்டதும் சுவிட்ச் விழுவது நின்று வயர் வேகத் தொடங்கியது. சார்ஜருக்குத் தனி லைன், அந்த ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்கும் வயர் வேண்டும். சார்ஜரில் நேர்மின் (டிசி) கசிவு வந்தால், கசிவைக் கண்டு கரண்டை வெட்டுகிற வீட்டுச் சாதாரண ஆர்சிசிபி சுவிட்ச் குருடாகிவிடும். அதனால் டைப் பி ஆர்சிசிபி, அல்லது 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதியோடு டைப் ஏ இருக்க வேண்டும் என்று காட்டிக் காட்டிச் சொன்னார்.

தம்பி சொல்லாத அந்த மீதிப் பாதி இதுதான். 1994 மின்சார விதிமுறைப்படி எரிசக்தி ஆணையத்தில் பதிந்த குத்தகையாளரும் சான்றிதழ் உள்ள வயர்மேனும்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். முடிந்ததும் வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு போராங் ஜி என்ற பாரம், சோதித்ததற்கு போராங் எச், இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தம்பியிடம் பதிவும் இல்லை, பாரமும் இல்லை. போன் அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை.

திரும்பச் செய்ய இன்னொரு 2,300 வெள்ளி ஆனது. இரண்டு பாரமும் இப்போது மெயின் பெட்டிக் கதவுக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன.

நேற்று பக்கத்துத் தாமானில் அந்தத் தம்பியின் வேன் நின்றது, போர்ச்சில் ஏணி. அந்த வீட்டு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நம்ம ஆளுதானே தம்பி" என்றார்.