தனிக்கொடியா, உள்வாசலா?

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்கு வெளியே இருக்கும் மூன்றாம் கட்சிக்காரர் ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு. தன் கொடியோடு பொதுத்தேர்தலில் நிற்கலாம். அல்லது பெரிய கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதல்நிலைத் தேர்தலில் உள்வாசல் வழியாகப் புகுந்து, பதவியில் இருக்கும் மிதவாதியோடு மோதலாம்.

ரான் பால் இரண்டையும் பார்த்தவர். 1988இல் அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் சிறிய லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றார். கிடைத்தது அரை சதவீதத்துக்கும் குறைவு. 1996இல் டெக்சாஸில் குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் இறங்கினார். எதிரே கிரெக் லாஃப்லின். ஜனநாயகக் கட்சியிலிருந்து முந்தைய ஆண்டுதான் தாவி வந்த எம்.பி. கட்சித் தலைமை லாஃப்லின் பக்கம். ஆனாலும் மறுசுற்றில் பால் வென்று, 2013 தொடக்கம் வரை காங்கிரஸில் இருந்தார். (பால் முன்பே குடியரசுக் கட்சியின் எம்.பி.யாக இருந்தவர், முற்றிலும் அந்நியர் அல்லர்.)

தனிக்கொடிக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2000 அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488 வாக்குகள். அங்கே குடியரசுக் கட்சியின் புஷ் ஜனநாயகக் கட்சியின் கோரை முந்தியது 537 வாக்குகளில். கோரின் வாக்குகளைப் பிரித்தார் என்ற பழி நேடரை இன்றும் விடவில்லை. முதல்நிலைத் தேர்தலில் இந்தத் தொல்லை இல்லை. வாக்களிப்பவர்களும் குறைவு: 2018இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் புதுமுகம் ஒகாசியோ-கார்ட்டெஸ், பதவியில் இருந்த எம்.பி. ஜோ கிரௌலியை வீழ்த்தியபோது பதிவான வாக்குகள் ஏறத்தாழ 30,000 மட்டுமே.

ஆனால் நியூயார்க்கில் ஒரு கட்சியின் முதல்நிலைத் தேர்தலில், அந்தக் கட்சிக்காரர் என்று வாக்காளராகப் பதிவு செய்தவர்களுக்கே வாக்கு. மூன்றாம் கட்சிக்காரரின் சொந்த ஆதரவாளர்கள் முன்கூட்டியே பதிவை மாற்றாவிட்டால் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். டெக்சாஸில் அப்படிக் கட்சிவாரிப் பதிவே கிடையாது. என்னைக் கேட்டால், அங்கே உள்வாசல். நியூயார்க்கில் ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்க ஆள் இருந்தால் மட்டும்.