லான்ட் றோவரின் வின்ச் கம்பி: ஐந்து காலபோகங்களுக்குப் பின்

2020 ஆம் ஆண்டு புரட்டாதியில், காலபோக விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில், என்னுடைய பழைய லான்ட் றோவரின் முன்பக்க வின்சுக்கு (கம்பியை உருளையில் சுற்றிப் பாரத்தை இழுக்கும் பொறிக்கு) புதிய கம்பி போட்டேன். அதன் பின்னர் ஐந்து காலபோகங்கள் கடந்துவிட்டன. அந்தக் கம்பியே இன்றும் உருளையில் இருக்கிறது. இதே வகை வண்டியை வயலுக்காக வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால், கம்பி மாற்றிய விதத்தையும் அது உழைத்த விதத்தையும் எழுதுகிறேன்.

வண்டி சீரீஸ் டூ ஏ, 109 அங்குலம், 2286 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சின். 1961 முதல் 1971 வரை செய்யப்பட்ட இந்த வரிசையில் இராணுவப் பாவனைக்கென வந்தவற்றுள் இதுவும் ஒன்று. வின்சுக்கு மின்மோட்டர் கிடையாது. கியர்ப் பெட்டியிலிருந்து ஒரு தண்டு முன்னால் வந்து, வின்சுக்குள் இருக்கும் புழுப்பல்லை (திருகு வடிவப் பல்லை) சுழற்றுகிறது. எஞ்சினின் முழுப் பலமும் பின்னால் நிற்பதால், மின்வின்சைப் போல இது சோர்ந்து நின்றுவிடாது. இழுக்கும் பொருள் அசையாவிட்டால் ஏதாவது ஒன்று உடையும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் காலம் தாழ்த்தி அறிந்தேன்.

பழைய கம்பியை மாற்றச் சொன்னவர் மாங்குளத்தில் வேலை செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணை. "தம்பி, கையால தடவிப் பாக்காதை, பழந்துணியால தடவு" என்று சொல்லி ஒரு சாரத் துண்டை நீட்டினார். துணியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்தபோது ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஒன்பது இடங்களில் அது மாட்டிக் கிழிந்தது. மாட்டிய ஒவ்வோரிடத்திலும் முறிந்த இழையொன்று ஊசி முனையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு புரி (பல இழைகளை முறுக்கிய சரம்) கம்பியை ஒரு முறை சுற்றிவரும் தூரத்துக்குள் ஆறு இழைகள் முறிந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று இழைகள் முறிந்திருந்தாலோ அந்தக் கம்பியைக் கழிக்க வேண்டும் என்பது பாரம் தூக்கும் தொழிலில் உள்ள விதி. என்னுடையது அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது.

கம்பியைக் கழற்றிய பின்னரே காரணம் தெரிந்தது. வின்சுக்குப் போகும் தண்டில் 'பின்' எனப்படும் மெல்லிய ஆணி ஒன்று இருக்க வேண்டும். பாரம் மிஞ்சினால் முதலில் அறுந்து மற்றவற்றைக் காப்பதற்காகவே மெல்லிரும்பில் அதைச் செய்கிறார்கள். முன்னைய உரிமையாளர் காலத்தில் யாரோ, அடிக்கடி அறுகிறது என்ற சலிப்பில், அந்த இடத்தில் கடினமான போல்ட் ஒன்றைப் பூட்டிவிட்டிருந்தார். அன்றிலிருந்து அறுவதற்கு மிச்சமாக இருந்தது கம்பி மட்டுமே. இறுக்கத்தோடு இழுபடும் கம்பி அறுந்தால் சாட்டையைப் போலத் திரும்பி வரும். மூன்று வருடங்கள் அதன் முன்னால் நானும் என் மச்சானும் நின்றிருக்கிறோம் என்பதை நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது. புதிய கம்பி வாங்கும் முன்னரே அந்தப் போல்டைக் கழற்றி, சரியான அளவில் மெல்லிரும்புப் பின்கள் ஆறு கடைந்து வைத்துக்கொண்டோம்.

செயற்கை நார்க்கயிறு போடலாமா என்றும் யோசித்தேன். பாரம் மிகக் குறைவு, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் கம்பியைப் போலப் பாயாது. ஆனால் வெயிலும் மணலும் அதற்கு ஆகா. வன்னியில் இவை இரண்டும்தான் தாராளம். கம்பி வெளியே வரும் வாயிலுள்ள றோலரின் விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் அது நாரை அரித்துவிடும். ஆகவே உருக்குக் கம்பியையே தெரிந்தெடுத்தேன். 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியதைப் பார்த்தபோது, வவுனியாவில் கிடைக்கும் பொருளையே நம்பியது சரி என்று பட்டது.

வாங்கியது 10 மில்லிமீற்றர் தடிப்பில் 30 மீற்றர். ஆறு புரிகள், புரிக்கு முப்பத்தாறு இழைகள், நடுவிலும் உருக்குக் கம்பி. நடுவில் நார் வைத்த கம்பி மலிவுதான், ஆனால் உருளையில் அடுக்குக்கு மேல் அடுக்காக அழுத்தப்படும்போது அது நசுங்கித் தட்டையாகும். இந்த வகைக் கம்பி அறுவதற்கு ஏறக்குறைய 6 தொன் இழுவிசை வேண்டும். என் வின்சின் தகட்டில் 5000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 2.3 தொன் என்று பொறித்திருக்கிறது. கம்பி வின்சை விட இரண்டரை மடங்குக்கு மேல் வலிமையாக இருக்க, அந்தப் பின் ஆணி இவை இரண்டையும் விட மெலிந்ததாக இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு குலைந்தால் எவ்வளவு நல்ல கம்பியாலும் பயனில்லை.

கொக்கிப் பக்கத்தில் கம்பி முனையை மடித்துச் செய்யும் கண்ணை மூன்று யூ கிளாம்ப்களால் கட்டினேன். பலர் பிழை விடும் இடம் இது. கிளாம்பின் அகன்ற அடிக்கட்டை பாரம் தாங்கும் நீண்ட கம்பியில் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் மடித்த சிறு முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் பக்கத்தையே போல்ட் நசுக்கும். முதல் பாரம் இழுத்த பின்னர் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். மூன்றும் கால் சுற்று வரை இறங்கின.

ஆயினும் கம்பியின் ஆயுளைத் தீர்மானித்தது அதை உருளையில் சுற்றிய விதம்தான் என்று நம்புகிறேன். வெறுமனே கையால் சுற்றிவிட்டால், முதல் பெரிய இழுவையில் மேலடுக்கு கீழடுக்கின் இடைவெளிக்குள் புகுந்து இறுகிவிடும். நாங்கள் கம்பியைக் குளக்கட்டுப் பக்கத்துப் பாலை மரமொன்றின் அடியில், மரப்பட்டை காயாதபடி அகன்ற பட்டியால் கட்டினோம். மச்சான் வண்டிக்குள் இருந்து பிரேக்கை மெதுவாக மிதித்துக்கொண்டிருக்க, வண்டியே மரத்தை நோக்கித் தன்னை இழுத்துச் சென்றது. நான் பக்கத்தில் ஒதுங்கி நடந்து, ஒவ்வொரு சுற்றும் முன்னைய சுற்றை ஒட்டி விழுகிறதா என்று பார்த்தேன். பிசகியபோதெல்லாம் நிறுத்தி, அவிழ்த்து, மறுபடி சுற்றினோம். ஒரு பிற்பகல் முழுவதும் அதற்கே போயிற்று.

அந்த மார்கழித் தொடக்கத்திலேயே புரெவிப் புயல் வந்தது. பாதையில் விழுந்த மரங்களை இரண்டு நாட்களாக இழுத்தோம். கம்பியில் ஒரு கீறலும் இல்லை. உண்மையான சோதனை துணுக்காய்ப் பக்கத்துக் கறுத்த களிமண்ணில் நடந்தது. முருங்கன் களியைப் போன்ற மண் அது. கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் சில்லை உறிஞ்சிப் பிடிக்கும். அச்சு வரை புதைந்த உழவு இயந்திரத்தை நேராக இழுத்தபோது பின் அறுந்தது. வண்டி ஓய்ந்து நின்றது, கம்பி தொய்ந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதிய பின்னைப் போட்டு, கம்பியைக் கப்பியூடாக இரட்டித்து இழுத்தோம். வேகம் பாதியானது, இழுவிசை ஏறக்குறைய இரு மடங்கானது. உழவு இயந்திரம் சத்தமில்லாமல் மேலே வந்தது. இதுவரை மூன்று பின்கள் அறுந்திருக்கின்றன; மூன்றும் தம் வேலையைச் செய்தே அறுந்தன.

கம்பியின் மறுமுனையைக் கட்டும் நங்கூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரமில்லாத இடத்தில் நிலத்தில் அலவாங்கு அறைந்து கம்பியைக் கட்டலாம் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்கின்றன. முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்த மண் இது. உழுது பழகிய வயலையும் வண்டி ஓடிய தடத்தையும் விட்டு வேறெங்கும் நான் எதையும் அறைவதில்லை; கம்பியை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் நடப்பதும் இல்லை. நேர்கோட்டில் மரம் இல்லையென்றால், மற்றொரு வண்டி வரும் வரை காத்திருக்கிறோம்.

பராமரிப்பில் கிறீஸைத் தவிர்க்கிறேன். அது மணலைப் பிடித்துக் கம்பிக்குள்ளேயே அரைக்கும். வருடத்துக்கு இரண்டு முறை முழுவதையும் அவிழ்த்து, கழுவி, உலர்த்தி, மெல்லிய ஒயில் தோய்த்த துணியால் துடைக்கிறேன்.

குறையென்றால் ஒன்று உண்டு, அது என் பிழை. 2023 ஐப்பசியில் அவசரத்தில் வண்டியைத் திருப்பாமல் பக்கவாட்டில் இழுத்ததில், கொக்கிக்கு அருகே கம்பி முறுகி மடிந்தது. மடிப்பை நிமிர்த்தினாலும் இழைகளின் ஒழுங்கு திரும்பாது. ஆகவே இரண்டு மீற்றரை வெட்டிவிட்டு, கண்ணைப் புதிதாகக் கட்டினேன். வெட்டும் முன் இரு பக்கமும் கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றாவிட்டால் புரிகள் பூப்போல விரிந்துவிடும்.

வாங்கிய அன்று வேணியர் அளவுகோலில் 10.2 மில்லிமீற்றர் தடிப்புக் காட்டிய கம்பி, கடந்த மாதம் உருளைப் பக்கத்தில் 9.6 காட்டியது. துணி இரண்டு இடங்களில் மாட்டியது. 9.5 இக்குக் கீழே போனால் வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் சிறுபோக அறுவடை முடிந்ததும் அடுத்த 30 மீற்றரை வாங்க வேண்டும்; பின்கள் இன்னும் மூன்று மிச்சமிருக்கின்றன.