மாமனாருக்கு உளி செட் வாங்கி ஏமாந்த கதை

தச்சுவேலையைப் பொழுதுபோக்காகச் செய்யும் ஒருவருக்கு ஆன்லைனில் பரிசு வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 2,349 ரூபாய். அதை எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால் நான் கொடுத்த பொருளால் என் மாமனார் ஒரு வாரம் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்த அன்றுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மாமாவுக்குத் தென்காசிப் பக்கம். மின்வாரியத்தில் வேலை. பரம்பரைத் தச்சர் எல்லாம் இல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவரோடு இருந்த சிநேகத்தில் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் செங்கோட்டைக்குப் போய், மர அறுவை மில்லில் கழித்துப்போட்ட துண்டுக் கட்டைகளைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வருவார். மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே மணை, சாமி மாடம், அத்தைக்கு அஞ்சறைப்பெட்டி என்று ஏதாவது உருவாகிக்கொண்டே இருக்கும். என் மகளுக்கு நடைவண்டி செய்து கொடுத்தார். அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது, சக்கரத்தின் அச்சாணியும் மரம்தான். அவள் அதை மாடிப்படியில் உருட்டிவிட்டும் உடையவில்லை.

இவ்வளவையும் செய்தது இரண்டே இரண்டு உளிகளை வைத்து. ஒன்று ஒரு அங்குலம், இன்னொன்று அரை அங்குலம். ஆசாரி கொடுத்தவை. அரை அங்குல உளி தீட்டித் தீட்டியே விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. சரி, மணிவிழா வருகிறது, வேட்டி சட்டையோடு ஒரு நல்ல உளி செட் எடுத்துக் கொடுத்தால் மனிதர் குளிர்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

எனக்கு உளியைப் பற்றி எதுவும் தெரியாது. எல்லாம் ஆரம்பித்தது அங்கேதான். பெரிய வெப்சைட் ஒன்றில் தேடினேன். எல்லோருக்கும் தெரிந்த வெளிநாட்டு பிராண்டின் பெயரில், மரப்பெட்டிக்குள் ஆறு உளிகள், எம்ஆர்பி 6,499, ஆஃபரில் 2,349. குரோம் வெனேடியம் ஸ்டீல், கடினம் 60 ராக்வெல் (எஃகு எவ்வளவு கெட்டி என்று சொல்லும் அளவு) என்று போட்டிருந்தது. 4.3 ஸ்டார். வெப்சைட் பெரியதுதான், ஆனால் விற்பவர் வேறு யாரோ. அந்தச் சின்ன எழுத்தை நான் படிக்கவே இல்லை. இரண்டு பேரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை, இதே மாதிரி செட் பத்துப் பெயரில் பத்து இடத்தில் கிடக்கிறது.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பே பார்சல் வந்துவிட்டது. “பிரிச்சுப் பாத்துடுங்களேன்” என்றாள் மனைவி. பரிசைப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினால் நன்றாகவா இருக்கும் என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தப் பொருளைத் திருப்பி அனுப்பக் கெடு 7 நாள். மாமா கையில் கொடுக்கும்போது அது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

திருக்கடையூருக்கெல்லாம் போகவில்லை, வீட்டிலேயே ஹோமம். சாப்பாடு முடிந்ததும் பெட்டியைக் கொடுத்தேன். மாமா ஒரு உளியை எடுத்து, வெட்டும் முனையான வாயின் மேல் கட்டைவிரலைக் குறுக்காக வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் முதுகுப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, “பொட்டி ரொம்ப நல்லாருக்கு மாப்ளே” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் பெட்டியை மட்டும்தான் சொன்னார் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து லீவுக்குப் போனோம். மாடிக்குப் போனால், மாமா அதே பழைய குட்டை உளியைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டிக்கொண்டிருக்கிறார். புது செட் எங்கே என்றால், “பத்திரமா இருக்கு, நல்ல வேலைக்கு எடுக்கணும்ல” என்றார். கீழே வந்தால் அத்தை புழக்கடையில் உட்கார்ந்து பெயின்ட் டப்பா மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது நான் வாங்கிக்கொடுத்த முக்கால் அங்குல உளி.

அத்தைக்கு ஒளிக்கத் தெரியாது. “மாமாட்ட கேக்காதீக, மனசு சங்கடப்படுவாக. அது மரத்துக்கு ஆகலையாம்” என்றார்.

பிறகு மாமாவிடமே விடாமல் கேட்டதில் எல்லாம் வந்தது. விழா முடிந்த மறுநாளே மாமா அரை அங்குல உளியைத் தீட்டி, தேக்குக் கட்டையில் ஒரு துளை எடுக்கப் பார்த்திருக்கிறார். பத்து அடியில் வாய் மழுங்கிவிட்டது. மறுபடி தீட்டினார், மறுபடி மழுங்கியது. வழக்கமான 25 டிகிரி சரிவைக் கூட்டிப் பார்த்தார், கல்லை மாற்றினார், கடைசியில் பழைய பெல்ட் தோலில் தேய்த்தார். நல்ல உளியைத் தீட்டினால் வாயில் மெல்லிய பிசிர் ஒன்று எழும்பும், தோலில் நாலு இழுப்பு இழுத்தால் உதிர்ந்துவிடும். இதிலோ அந்தப் பிசிர் உதிரவே இல்லை, இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் மடங்கியது, அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம். ஒரு வாரம் இப்படி. “பேர் போன கம்பெனி உளி, மாப்ள காசு போட்டு வாங்கியிருக்காரு, நமக்குத்தான் தீட்டத் தெரியல போலருக்குன்னு நெனச்சேன்” என்றார். முப்பது வருஷமாக உளி தீட்டுகிற மனிதர். அதற்கப்புறம் கடைத்தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் ஒருமுறை சக்கரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இது தகரம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நான் கேட்டதற்காக மாமா அரத்தை எடுத்துவந்து காட்டினார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். பழைய உளியின் வாய்க்குப் பக்கத்தில் அரத்தை வைத்து லேசாகத் தள்ளினார். கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. புது உளியில் வைத்தார். கரகரவென்று கடித்து, இரும்புத் தூள் விரலில் ஒட்டியது. நன்றாகப் பதம் ஏற்றிய எஃகு அரத்துக்கு இடம் கொடுக்காது. இதற்குத் தோய்ச்சலே, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்கும் வேலையே, போடவில்லை என்றார். எந்த இரும்பின் மேலும் குரோம் வெனேடியம் என்று அச்சடித்துவிடலாம், அடிக்கிற ஆளுக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

பிடியையும் காட்டினார். மேலே பளபளவென்று வார்னிஷ், அடியில் தங்க நிறத்தில் பூண். அந்தப் பூண் பித்தளை இல்லை, சாயம் பூசிய பிளாஸ்டிக். கொட்டாப்புளி அடியில் பிடி பிளந்து போகாமல் காப்பதுதான் பூணின் வேலை. இதில் பூணே முதலில் பிளந்துவிட்டது. பிடிக்குள் உளியின் வால் ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. ஓங்கி அடிக்கும்போது கழன்று வந்தால் கை என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு உட்கார்ந்து, வாங்கும் முன் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ரிவியூக்களை ஒன்று விடாமல் படித்தேன். ஐந்து ஸ்டார் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தது இதுதான்: பேக்கிங் அருமை, அப்பாவுக்கு கிஃப்ட் கொடுத்தேன், சீக்கிரம் வந்தது. எல்லாம் பார்சல் வந்த அன்றோ மறுநாளோ எழுதியது. என்னைப் போல மரத்தில் உளி வைத்தே பார்க்காதவர்கள். ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் எல்லோரும் மரத்தில் அடித்துப் பார்த்தவர்கள், வாய் மடங்கிய படத்தோடு. பரிசுச் சாமானில் இப்படித்தான் நடக்கிறது. காசு கொடுக்கிறவனுக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரிந்தவர், கொடுத்தவன் மனம் நோகுமே என்று வாயைத் திறக்க மாட்டார். போலிச் சரக்கு விற்பவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாக்கெட் செய்த சாமானில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், எம்ஆர்பி, புகாருக்கு ஒரு நம்பர் எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும், 2011ஆம் வருடத்து எடையளவு விதிகளே அதைச் சொல்கின்றன. இந்தப் பெட்டியில் பிராண்ட் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. 6,499 என்ற எம்ஆர்பி வெப்சைட்டில் மட்டும்தான் இருந்தது.

கஸ்டமர் கேரில் சாட் செய்தேன். உங்கள் சிரமம் புரிகிறது என்று நாலு தடவை வந்தது. கெடு முடிந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாதாம், விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். விற்றவர் பக்கத்தைத் திறந்தால் கதவு எண் இல்லாத ஒரு தெருப் பெயர் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கமே காணோம்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். ஈ-காமர்ஸ் விதிகள் 2020இன்படி வெப்சைட்டின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு மெயிலும் போட்டேன், அரம் கடித்த இடத்தையும் பிளந்த பூணையும் படம் எடுத்து இணைத்தேன். முதலில் 500 ரூபாய் வாலட்டில் போடுகிறோம் என்றார்கள். முடியாது என்றேன். மூன்றாவது வாரம் 2,349ம் வந்தது, ஆனால் வாலட்டில்தான். அதாவது அதே வெப்சைட்டில்தான் செலவழிக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், 5 லட்சம் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் கிடையாது. உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது.

இதை அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர் தன் கதையைச் சொன்னார். தம்பிக்கு பேட்டரி டிரில் வாங்கியிருக்கிறார், மேலே 48 வோல்ட் என்று கொட்டை எழுத்தில். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஐந்து லித்தியம் செல். ஐந்து செல்லுக்கு 18 வோல்ட், முழுதாக சார்ஜ் ஏறினால் 21. மீதி எல்லாம் ஸ்டிக்கரில் இருக்கும் வோல்ட். அதுகூடப் பரவாயில்லை, கூடவே இன்னொரு சாமானும் ஆஃபரில் சேர்த்து விற்கிறார்கள், இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் வைத்திருக்கும் ஆங்கிள் கிரைண்டர் மெஷினில் மாட்டும் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடு. தயவுசெய்து அதை யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த மெஷினின் வேகம் அந்த வேலைக்கானது இல்லை. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை மீறி ஆளைப் பார்த்துத் துள்ளும், பல பேர் அந்தப் பிளேடுக்காகக் காப்புத் தகட்டையும் கழற்றிவிடுகிறார்கள். உளி மழுங்கினால் மனவருத்தத்தோடு போகும், இதில் விரல் போகும்.

மாமா கதைக்கு வருகிறேன். லீவுக்குப் போயிருந்தபோதே, அவர் அரம் போட்டுக் காட்டிய மறுநாள், அவரைக் கட்டாயப்படுத்தி ஹார்டுவேர் கடைக்கு அழைத்துப் போனேன். என்ன வேண்டும் என்று கேட்டால், உளி செட் வேண்டவே வேண்டாம் என்றார். ஆறு உளியில் நாலைத் தொடவே மாட்டாராம். அவர் எடுத்தது, ஒட்டிய கட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் ஆறு அங்குல ஜி-கிளாம்ப் இரண்டு. “இது எத்தன இருந்தாலும் பத்தாது மாப்ளே, ஒட்டிட்டுக் காயிற வரைக்கும் அம்மிக்கல்லத் தூக்கி மேல வச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். பிறகு ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸும் இருக்கும் சாணைக்கல் ஒன்று. கடைசியாக ஒரே ஒரு அரை அங்குல உளி. கடைக்காரர் நாலைந்தை எடுத்துப் போட்டார். மாமா ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து முதுகு வளைந்திருக்கிறதா என்று பார்த்து, “ஓரமா அரம் போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அரத்தை அவரே எடுத்து நீட்டினார். மொத்தம் 1,700 ரூபாய்க்குள் முடிந்தது, பில்லோடு. இத்தனை வருஷத்தில் அந்த மொட்டைமாடியில் என்ன இல்லை என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அந்தக் கவுன்டரில் நிற்கும்போதுதான் தோன்றியது.

மரப்பெட்டியை மாமா வீணாக்கவில்லை. அதற்குள் இப்போது ஆசாரியின் இரண்டு உளிகளும் புது அரை அங்குலமும் படுத்திருக்கின்றன. போலி ஆறில் ஐந்து பரணில் கிடக்கின்றன. ஆறாவதைக் கேட்டால் அத்தை தர மாட்டேன் என்கிறார். பெயின்ட் டப்பாவுக்கு அது ஒன்றும் மோசமில்லையாம்.