க்ரோமாக்ஸில் வெப்பமும் அழுத்தமும்: எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

க்ரோமாக்ஸ், மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் இலவச மென்பொருள், வேகத்திலும் குறையில்லை. ஆனால் வெப்பநிலை, அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு அது வைத்திருக்கும் பட்டியலில் பழைய சரக்கும் கலந்திருக்கிறது. தப்பானதை எடுத்தாலும் ஓட்டம் நிற்காது, படமும் அழகாகவே வரும். எண்கள்தான் பொய் சொல்லும்.

பெரெண்ட்சென் தெர்மோஸ்டாட் (வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறை) 1984-இல் வந்தது. சொன்ன வெப்பநிலைக்குச் சட்டென்று இழுத்து வரும், கூடவே இயல்பான ஏற்ற இறக்கத்தையும் நசுக்கிவிடும். ஆயிரம் நீர் மூலக்கூறு உள்ள பெட்டி 300 கெல்வினில் சுமார் 5.5 கெல்வின் ஆடத்தான் வேண்டும். கோடு அதைவிட நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள். நீண்ட ஓட்டத்தில் அதிர்வு ஆற்றல் வடிந்து, மொத்த மூலக்கூறும் விறைத்துப்போய் ஒரே பக்கம் வழுக்கத் தொடங்கும். பவுடர் போட்ட போர்டில் ஸ்ட்ரைக்கர் போவது போல என்றால் வியாசர்பாடி கேரம்காரர்களுக்குப் புரியும்.

எடுக்க வேண்டியது 2007-இல் வந்த வி-ரீஸ்கேல். அதே இழுப்புதான், ஆனால் சீரற்ற ஒரு பங்கைச் சேர்த்து ஏற்ற இறக்கத்தைச் சரியாக வைக்கிறது. எவ்வளவு வேகமாக இழுப்பது என்று சொல்லும் நேர அளவான டவ்-டி 0.1 முதல் 1 பிகோசெகண்ட் போதும். வெப்பநிலையைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் குழுக்கள் புரதம், புரதம் அல்லாதது என இரண்டே. நாலு சோடியம் அயனிக்குத் தனிக்குழு கொடுத்தால் அந்த வெப்பநிலை தறிகெட்டு ஆடும். நோசே–ஹூவர் என்ற இன்னொரு தெர்மோஸ்டாட்டில் டவ்-டி என்பது அலைவு நேரம். வி-ரீஸ்கேலுக்குப் போட்ட எண்ணை அப்படியே ஒட்டாமல் நாலைந்து மடங்கு கூட்டுங்கள்.

அதிகம் அடிபடுவது அழுத்தத்தில்தான். அதற்கான பாரோஸ்டாட்களில் (அழுத்தக் கட்டுப்பாட்டு முறைகளில்) பரினெல்லோ–ரஹ்மான் நல்ல முறை, ஆனால் அடர்த்தி நிலைத்த பிறகே. முன்னாலேயே போட்டால் பெட்டி ஊதிச் சுருங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு பெருகி, கடைசியில் வெடிக்கும். 2021 பதிப்பிலிருந்து சி-ரீஸ்கேல் என்ற பாரோஸ்டாட் இருப்பதால் சமநிலைக்கும் முதன்மை ஓட்டத்துக்கும் அது ஒன்றே போதும். அழுத்தத்துக்கான நேர அளவான டவ்-பி 5 பிகோசெகண்ட், நீரின் அமுங்குதன்மை ஒரு பாருக்கு 4.5×10⁻⁵. சவ்வு இருந்தால் செமி-ஐசோட்ரோபிக், அதாவது சவ்வின் தளத்துக்கும் செங்குத்துத் திசைக்கும் தனித்தனி அழுத்தக் கட்டுப்பாடு. அணுக்களைக் கட்டிவைத்து ஓட்டும் கட்டத்தில், கட்டிய இடங்கள் பெட்டியோடு எப்படி மாற வேண்டும் என்று சொல்லும் ரெஃப்கோர்ட் ஸ்கேலிங்கை காம் (நிறை மையம்) என்று வையுங்கள்.

1 பார் கேட்டால் சராசரி 12 அல்லது மைனஸ் 7 காட்டுகிறதே என்று பதற வேண்டாம். சின்னப் பெட்டியில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் அளவுக்கு ஆடும். பார்க்க வேண்டியது அடர்த்தி: டிப்3பி என்ற நீர் மாதிரி என்றால் கன மீட்டருக்கு 985 கிலோ அருகே நின்றதா என்று.

அணுக்களுக்குத் தொடக்க வேகங்களை உருவாக்கும் ஜென்-வெல்லை முதல் கட்டத்தில் மட்டும் 'யெஸ்' வைத்து, அழுத்தக் கட்டத்தில் 'நோ' ஆக்குங்கள். மறந்தால் சமநிலைப்படுத்திய வேகமெல்லாம் வீண். பெரெண்ட்சென் பாரோஸ்டாட் வைத்தால், ஓட்டத்துக்கான கோப்பைத் தயாரிக்கும் க்ரோம்ப் எச்சரிக்கும். எச்சரிக்கையை மீறவிடும் மேக்ஸ்வார்ன் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள்.

ஒரே ஒரு குறை: அழுத்தத்துக்காகப் பெட்டியை மாற்றும் அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டியது என்று க்ரோமாக்ஸ் எச்சரிக்குமே தவிர, காரணம் மோதும் அணுக்களா, குறைந்த டவ்-பி-யா என்று சொல்லாது. நீங்களே துழாவ வேண்டும்.

மே மாதத்தில் தண்டையார்பேட்டை அறைக்குள் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். பெட்டிக்குள் இருக்கும் நீரே 27 டிகிரியில் சொகுசாக இருக்கும். கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு சூடேறினால் வேகம் குறையும், முடிவு மாறாது. கரண்ட் போனாலும் பயமில்லை: 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் தானாகப் பதிவாகும், கட்டளையில் -cpi கொடியுடன் ஓட்டினால் தெர்மோஸ்டாட், பாரோஸ்டாட் நிலை உட்பட கடைசியாகப் பதிவான இடத்திலிருந்து தொடரும்.